குழாய்ப் பள்ளத்தில் ஒரு வீடு

"சொல்லட்டுமா, மூடட்டுமா? ஒரே வார்த்தையில பதில் சொல்லுங்க சாமி."

குழாய் மேஸ்திரி பெரியாண்டவன் மலையடி மடத்துக்கு வந்துபோகத் தொடங்கியதிலிருந்து எத்தனையோ கேட்டிருக்கிறான். ஆத்மா எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கழுத்தை அறுத்திருக்கிறான். வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து கேட்டது இதுதான் முதல் தடவை.

மடத்துச் சாமியம்மா வயதில் அவனைவிடச் சின்னவர். அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எதை?"

குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தில் பழைய குடியிருப்பு ஒன்று கிளம்பிவிட்டது. செம்மண்ணில் வட்டமாக, கறுப்புக் கறுப்பாய்க் கம்பு நட்ட தடம். நடுவில் சாம்பல். பானை ஓடு. தேய்த்து மழமழப்பாக்கிய கல் கோடரி. இரும்பே தெரியாத காலத்து ஆட்கள்.

"வெளியே சொன்னா வேலையை நிறுத்திடுவாங்க. இந்தக் கோடைக்குத் தண்ணி வராது. குழாய் போறது எங்க ஊருக்கு, சாமி. என் பொண்டாட்டி இன்னும் குடத்தைத் தூக்கிட்டு மேடு ஏறுறா. காண்ட்ராக்டர் இப்பவே மண்ணைத் தள்ளி மூடச் சொல்றார்."

"வாங்க, பார்க்கலாம்."

மேஸ்திரிக்கு எரிச்சலாக வந்தது. சரி என்றோ வேண்டாம் என்றோ சொன்னால் தீர்ந்தது. இந்த அம்மா என்றைக்குத்தான் கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

பள்ளத்தருகே ஜேசிபி சும்மா நின்றிருந்தது. மேஸ்திரி விறுவிறுவென்று வட்டத்துக்கு நடுவில் போய் நின்று கையை வீசிக் காட்டினான்.

"இவ்வளவுதான். நாலு குழி, கொஞ்சம் சாம்பல். இதுக்கா எங்க ஊர் தாகத்துல கிடக்கணும்?"

"மேஸ்திரி, அடுப்பை மிதிக்கிறீங்க."

வெடுக்கென்று காலை எடுத்தான். எடுத்த வேகத்தில் குனிந்து சாம்பலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகுதான் என்ன செய்தோம் என்றே அவனுக்குத் தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

சாமியம்மா உள்ளே வரவில்லை. கம்புத் தடங்களைச் சுற்றியே நடந்தார். ஓரிடத்தில் இரண்டு தடங்களுக்கு நடுவே ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"வீட்டுல யாரு?" என்று கூப்பிட்டார்.

கூப்பிட்டுவிட்டு, முன்பின் தெரியாத வீட்டுக்கு வந்தவர் வாசலில் நிற்பதுபோல நின்றார்.

மேஸ்திரி செருப்புக் காலோடு நடுவீட்டில் நின்றுகொண்டிருந்தான்.

"அப்ப எங்க ஊருக்குத் தண்ணி?" குரல் இறங்கிவிட்டது.

சாமியம்மா வாசலை விட்டு ஒதுங்கி வழிவிட்டார்.

அவன் தடங்களைத் தாண்டிக் குதிக்கவில்லை. வாசல் வழியாகவே வெளியே வந்தான். பொண்டாட்டி முகத்தில் எப்படி முழிப்பது என்றுதான் தெரியவில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. காண்ட்ராக்டர்.

"என்னய்யா, மூடியாச்சா?"

"இல்லைங்க. வீட்டுல ஆள் இருக்காங்க."