பின்வீட்டு மாவு மெஷின்

கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போதே கேட்டால் கிடைக்காது. முதலில் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். விலைக்கு வந்த வீடு.

சேலையூரில், சைக்கிள் மணி அடித்தாலே நாலு பேர் எட்டிப் பார்க்கும் அமைதியான தெரு. சிவஞானம் தன் பழைய வீட்டை இடித்துக் கட்டிப் புதுசாக்கியிருந்தார். மாடுலர் கிச்சன், ஹாலில் ஏசி, மாடியில் பளபளவென்று டைல்ஸ் பதித்த குளியலறை. அதை விற்றுவிட்டு நகரத்துக்குள் அடுக்குமாடியில் குடியேறத் திட்டம். அங்கே நாய்க்கு அனுமதி இல்லை. வீட்டு நாய் போண்டாவை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார்.

"குடுக்க மாட்டேன். வீட்டையும் விக்க விட மாட்டேன்" என்றாள் மகள் மிருணா. பத்தாம் வகுப்பு. கேட்ட குரலை அப்படியே திருப்பிக் கொடுக்கும் தொண்டை.

"நீ யாருடி விடறதுக்கு?" என்று சிரித்தார் அப்பா.

அதற்கப்புறம் வீடு பார்க்க ஆள் வந்தால் போதும், பின்சுவருக்கு அப்பால் மாவு மெஷின் கடகடக்கும். கூடவே புருஷன் பெண்டாட்டி சண்டை. எல்லாம் மாடிக் குளியலறை ஜன்னலில் வாயை வைத்து மிருணா போட்ட சத்தம்தான். அப்பா ஆசையாகப் பதித்த டைல்ஸ் அதைப் பத்து மடங்காக்கித் தந்தது.

"பின்வீட்டுக்குப் புதுசா குடிவந்திருக்காங்கப்பா. மாவரைச்சு விக்கிறாங்களாம்" என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொன்னாள். சண்டைக்காரர் வீட்டுக் கதவைத் தட்ட சிவஞானத்துக்குப் பயம். வந்த இரண்டு குடும்பங்களும் காபியைக்கூட முடிக்காமல் கிளம்பின.

மூன்றாவதாக வந்தவர் திலகவதி அம்மாள்.

"தெருவுக்கே கரண்ட் போனாலும் நம்ம வீட்ல லைட்டும் ஃபேனும் நிக்காதும்மா. இன்வெர்ட்டர்! ஏசி மட்டும் அதுல ஓடாது" என்று பெருமையடித்தார் சிவஞானம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஏசி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. அதன் பச்சை எண்களும் மறைந்தன. மேலே குளியலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மிருணா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

கடகடகட! "பாத்துப் போடுடி, அரிசியில கல்லு கிடக்கு!" "நீயே போட்டுக்கோய்யா, எனக்கென்ன வந்துச்சு!"

சிவஞானம் தலையில் கை வைத்தார். திலகவதியோ அண்ணாந்து பார்த்து உரக்கச் சொன்னார்: "அம்மாடி, தொண்டை வத்திடும். இறங்கி வந்து தண்ணி குடி."

மெஷின் பாதிக் கடகடப்பில் நின்றது.

நீங்களே சொல்லுங்கள்: மாடிப்படியே ஏறாத திலகவதி எப்படிக் கண்டுபிடித்தார்?

விடை இதுதான். ஏசி நின்றது கரண்ட் போனதால். தெருவுக்கே கரண்ட் இல்லாதபோது பின்வீட்டு மெஷின் மட்டும் எப்படி ஓடும்? அங்கேயும் இன்வெர்ட்டர் இருந்தால்கூட, ஏசியையே இழுக்காதது மாவு மெஷினையா இழுக்கும்? மெஷின் பொய்யென்று தெரிந்தபின் காதைத் தீட்டினால், சத்தம் மாடியிலிருந்து வருவது புரிந்துவிடும். குளியலறை விளக்கு அணையாததால் மிருணாவுக்கு அது தெரியவில்லை.

இறங்கி வந்தவள் மன்னிப்புக் கேட்கவில்லை. போண்டாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அதைக் குட்டியாகக் கொண்டுவந்த நாளில் அப்பா சொன்னதை அப்பாவின் குரலிலேயே சொன்னாள்: "இந்தா மிருணா, இனிமே இவனும் நம்ம வீட்டு ஆளு. யார் கேட்டாலும் குடுக்கக் கூடாது."

"இந்த வீடு எனக்கு வேண்டாம் சார். இதுல ஏற்கெனவே ஆள் இருக்கு" என்று எழுந்தார் திலகவதி.

சிவஞானம் மகளைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், பின்சுவரைப் பார்த்தார்.

"அடிப்பாவி! அப்போ பின்வீட்டுல யாருமே இல்லையா?"