அம்பலத்தாடி இடித்த சுவர்

மருதாபுரி அரண்மனையில் விகடகவியாக இருந்த அம்பலத்தாடி தன்னைப் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஊரில் சிலரும் அப்படித்தான் நினைத்தார்கள். அவன் மனைவி செங்கமலம் மட்டும் ஒருநாளும் நினைத்ததில்லை. யார் நினைத்தது சரி என்று நீங்களே சொல்லுங்கள்.

மகாராஜா கேசரிவர்மனுக்கு நடுக்குவாதம் வந்திருந்தது. சும்மா இருக்கும்போதே வலது கை ஆடும். பாயசக் கிண்ணத்தை எடுத்தால் பாதி பட்டு வேட்டியில் போய்விடும். பாவம், வெட்கப்பட்டுக்கொண்டு தனியாகவே சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

ஊரில் இந்த நோய்க்கென்றே இரண்டு வைத்தியர்கள், மாசிலாமணியும் வன்னியநாதரும். ஆளுக்கொரு சூரணம். தன் மருந்துதான் கேட்கும் என்று இருவரும் சத்தியம் பண்ணினார்கள்.

ராஜா அம்பலத்தாடியைக் கூப்பிட்டார். "எந்த மருந்தைச் சாப்பிடுவது என்று அமாவாசைக்குள் கண்டுபிடித்துச் சொல். தப்பாகச் சொன்னால் உன் தலை இருக்காது!"

"மகாராஜா, அந்தத் தலைக்குள் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் தலைப்பாகை வைக்க ஒரு இடம் வேண்டியிருக்கிறதே!"

வாய் இப்படிப் பேசியதே தவிர, வெளியே வந்ததும் பயத்தில் கை கிடுகிடுவென்று ஆடியது. சரி, இந்த நடுக்கமாவது உதவட்டும் என்று நேரே மாசிலாமணி வீட்டுக்குப் போனான். அவர் நடுக்கத்தை அளந்து பார்க்க ஓர் அகன்ற கிண்ணத்தில் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றிக் கையில் கொடுத்து நடக்கச் சொன்னார். அவ்வளவும் கீழே கொட்டியது.

"ஐயையோ, முற்றிப்போன நடுக்குவாதம்!" என்றார்.

அடுத்து வன்னியநாதர் வீடு. அங்கே கொடுத்தது வாய் குறுகிய செம்பு. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"ஓய், உமக்கு ஒரு நோயும் இல்லை. போய்ச் சாப்பிட்டுத் தூங்கும்!" என்றார்.

அம்பலத்தாடிக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆளுக்கொரு பாத்திரத்தில் அளந்தால் எந்த மருந்து கேட்கிறது என்று பிரம்மா வந்தாலும் சொல்ல முடியாது.

மறுநாள் சபையில் சொன்னான்: "மகாராஜா, இருவருடைய நோயாளிகளையும் ஒரே கிண்ணத்தால் அளக்க வேண்டும். மாசிலாமணி தன் கிண்ணத்தைக் கொடுத்தால் போதும்."

மாசிலாமணி துள்ளி எழுந்தார். "வைத்தியன் கருவி வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. எங்கள் மரபு அது! தாண்டினால் கைராசி போய்விடும்."

"நானும் அவர் வாசலை மிதிக்கமாட்டேன்!" என்றார் வன்னியநாதர்.

வைத்தியர்களின் மரபில் கைவைக்க ராஜாவுக்கும் தயக்கம்தான். அம்பலத்தாடி ரொம்பப் பவ்யமாகக் கேட்டான். "வாசலைத் தாண்டாமல் போனால் பாதகமில்லையே?"

"இல்லை. ஆனால் கிண்ணம் என்ன, பறந்தா போகும்?" என்றார் மாசிலாமணி. சபையே சிரித்தது.

"எதற்குப் பறக்க வேண்டும்? இருவர் வீடும் ஒரே வரிசை. இடையில் இருக்கும் சுவர்களை இடித்துவிட்டால் எல்லாம் ஒரே வீடு. எந்த வாசலையும் யாரும் தாண்ட வேண்டாம்!"

"சபாஷ்!" என்று ராஜா தொடையைத் தட்டினார். "கொத்தனார்களை உடனே அனுப்புங்கள்!"

அம்பலத்தாடி மீசையை முறுக்கிக்கொண்டான். அப்போது மந்திரி மெதுவாகக் கேட்டார்: "ஏனப்பா, அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வீடு இருக்கிறதே, அது யாருடையது?"

மீசையில் இருந்த கை அப்படியே நின்றது. அது அவன் வீடு.

அவன் போய்ச் சேர்வதற்குள் கடப்பாரை வேலையை ஆரம்பித்துவிட்டது. அடுப்படியில் செங்கமலம் புழுதியில் குளித்து நின்றாள்.

"ஊர்ல இத்தனை சுவர் இருக்க, உங்க புத்திக்கு நம்ம சுவர்தான் கிடைச்சுதா?"

"அவசரத்துல நம்ம வீட்டை மறந்துட்டேன், செங்கமலம்."

"வந்து சேர வழி ஞாபகம் இருந்துதே, அதுவரைக்கும் சந்தோஷம்!"

அன்று முதல் நோயாளிகள் அந்தக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு, மாசிலாமணி கூடத்தில் புறப்பட்டு, அம்பலத்தாடி சாப்பிடும் இலையைச் சுற்றிக்கொண்டு, வன்னியநாதர் கூடத்துக்கு நடந்தார்கள். சிந்திய தண்ணீரில் பாதி அவன் ரசத்தில் விழுந்தது. வைத்தியர்கள் முதலில் முறைத்தார்கள். பிறகு ஒரே கிண்ணத்துக்குள் இரண்டு தலையும் குனிந்தன. "உம் மருந்தில் என்ன சேர்க்கிறீர்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். மருந்து அரைக்கும் கல்வமும் எடை பார்க்கும் நிறைகோலும் அம்பலத்தாடியின் கூடத்துக்கே வந்து பொதுவாகிவிட்டன. தனித்தனியாகக் கொடுத்ததைவிட இரண்டு சூரணத்தையும் சேர்த்துக் கொடுத்தால் தண்ணீர் குறைவாகச் சிந்துகிறது என்று தெரிந்தது. ராஜாவுக்கும் அப்படியே கொடுத்தார்கள்.

அமாவாசையன்று ராஜா அங்கேயே வந்தார். அதே கிண்ணத்தில் செங்கமலம் பாயசம் ஊற்றிக் கொடுத்தாள். கை கொஞ்சம் ஆடத்தான் செய்தது. இரண்டு சொட்டு வேட்டியில் விழுந்தது. மீதி முழுவதையும் அத்தனை பேர் முன்னாலும் அவரே குடித்தார். குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தலை தப்பியது, அம்பலத்தாடி! என்ன பரிசு வேண்டும்?"

"இரண்டு சுவர், மகாராஜா."

"ஐயோ, சுவர் மட்டும் வேண்டாம்!" இரண்டு வைத்தியர்களும் ஒரே குரலில் அலறினார்கள்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, உனக்கு வேறு வீடு தருகிறேன். எப்படி வேண்டும், சொல்!"

அம்பலத்தாடி ஓரக்கண்ணால் செங்கமலத்தைப் பார்த்துக்கொண்டு கைகூப்பினான்.

"சுற்றிலும் வெட்டவெளியாக இருந்தால் போதும், மகாராஜா. என் புத்தி மறுபடியும் எப்போது வேலை செய்யும் என்று எனக்கே தெரியாது!"