முப்பத்தோரு பேருக்கு ஒரு பந்தி

அறுப்பு முடிந்த அன்றைக்கு ஆட்களுக்கு விருந்து போடுவது அந்தப் பண்ணையின் வழக்கம். ஆனால் அண்டா நிறையப் பாயசத்தைப் பார்த்ததும் பண்ணையார் வேலப்பருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. பசியோடு நின்றவர்களை எண்ணினார். முப்பத்தோரு பேர். மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

"பந்தி ஒழுங்கா இருந்தாத்தான் சோறு. ஒரே வரிசையா நீட்டக் கூடாது, ஆளுக்கொரு வரிசையும் ஆகாது. எல்லா வரிசையிலும் ஒரே அளவு ஆள் உட்காரணும், ஒருத்தரும் மிஞ்சக் கூடாது. இல்லேன்னா வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடிங்க!"

கதிர் அறுக்க வந்த பூவாயி இலைக்கட்டைத் தூக்கினாள். இரண்டு வரிசையாகப் பிரித்தால் ஒருத்தர் மிச்சம். மூன்றாகப் பிரித்தாலும், ஐந்தாகப் பிரித்தாலும் அதே ஒருத்தர் மிச்சம். நாலாகப் பிரித்தால் மூன்று பேர் மிச்சம். முப்பத்தொன்று எதற்கும் பிடிகொடுக்காத எண்.

"என்னடி, வேர்க்குதா?" என்றார் பண்ணையார்.

பூவாயி எட்டு எட்டாக நாலு வரிசை இலை போட்டாள். எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஒரு இலை மட்டும் காலி.

"ஒரு ஆள் குறையுதே! கிளம்புங்க, கிளம்புங்க."

"குறையலீங்க ஐயா. எண்ணினவரு தன்னை எண்ண மறந்துட்டாரு."

"என்னை எதுக்குடி ஆள் கணக்குல சேர்க்கிறே?"

"அப்போ ஐயா மனுசக் கணக்குலயே வரமாட்டீங்களா?"

பந்தியே கொல்லென்று சிரித்தது. வேறு வழியில்லாமல் பண்ணையார் காலி இலையில் வந்து உட்கார்ந்தார். சோறும் வந்தது, பாயசமும் வந்தது. அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு எழப் பார்த்தார்.

"உட்காருங்க ஐயா, நீங்க எழுந்தா வரிசை கெட்டுப்போகும்" என்றாள் பூவாயி. "நாங்க இன்னும் ரெண்டாந்தடவை பாயசம் வாங்கலை."