தவழாத பூங்கோதை

"சுவாமி, பின்கட்டு மணலில் ஒரு குழி தோண்டிக்கொள்ளட்டுமா?"

மடத்துச் சமையல்காரன் மாசிலாமணி இடுப்பில் குழந்தையும் கையில் மண்வெட்டியுமாக நின்றான்.

கூடத்து வாசலருகே உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்த குரு நிமிர்ந்தார். மாசிலாமணியைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் அவர் நிமிர்ந்து பார்த்தால் இவனுக்குப் பேச்சு தடுமாறும்.

"எதற்கு?"

"பூங்கோதையை இடுப்பளவு புதைத்து உட்கார வைக்க. காலுக்கு வலு வருமாம். மாமியார் சொன்னார்."

"காலுக்கு என்ன?"

"வைத்தியர் ஒன்றுமில்லை என்கிறார். ஆனால் தவழ மாட்டேன் என்கிறாள், சுவாமி. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, உட்கார்ந்த மேனிக்குத் தேய்த்துக்கொண்டே போகிறாள்."

"போகிறாள் அல்லவா?"

"போய் என்ன? எதிர்வீட்டுப் பையன் தவழ்ந்ததற்குப் பணியாரம் சுட்டார்கள். படி தாண்டியதற்குப் பாயசமும் வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் பணியாரச் சட்டி கவிழ்த்தது கவிழ்த்தபடி கிடக்கிறது. முதலில் பணியாரம், அப்புறம்தானே பாயசம்?"

வெகுகாலம் காத்திருந்து பிறந்த பிள்ளை. மணலில் வைத்தால் அழுவாள் என்று அவனுக்குத் தெரியும். வைக்காவிட்டால் நடக்கவே மாட்டாளோ என்று பயம்.

குரு முறத்தை ஒருமுறை தட்டினார்.

"தவழ்வது எப்படி என்று காட்டிக் கொடுத்தாயா?"

"நானா?"

"உன் பிள்ளைக்கு நீதானே காட்ட வேண்டும். மண்வெட்டியை வை. குனி."

மாசிலாமணி மகளை இறக்கிவிட்டான். வேட்டியை மடித்துக் கட்டி முழங்காலிட்டான். கல்தரை சுரீரென்று உறைத்தது. கூடத்தின் கோடியை நோக்கித் தவழ ஆரம்பித்தான்.

"என்னப்பா, புல் மேய்கிறாயா? தலையைத் தூக்கு."

"பழக்கமில்லை, சுவாமி."

பூங்கோதை கைகொட்டிச் சிரித்தாள்.

கோடியைத் தொட்டான். மூச்சு வாங்கியது. திரும்பிப் பார்த்தான். விட்ட இடத்தில் குழந்தை இல்லை.

"ஐயோ, எங்கே?"

வாசல் நிலைப்படியின் மேல், குதிரை ஏறினாற்போல் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. குருவின் கை அவள் முதுகருகே இருந்தது. தொடவில்லை.

உள்ளே கிடந்த காலை அவள் மெல்ல இழுத்துக்கொண்டாள். சறுக்கினாள். அந்தப் பக்கம், வெயிலில், தொப்பென்று உட்கார்ந்தாள். பிறகு படியை உள்ளங்கையால் பட் பட்டென்று தட்டினாள்.

"பார்த்தீர்களா, சுவாமி? இப்போதும் தவழவில்லை!"

"பார்த்தேன். அவள் எங்கே இருக்கிறாள்?"

"வெளியே."

"நீ?"

நாலு காலில் நின்றபடியே மாசிலாமணி மகளைப் பார்த்தான். நடுவில் இருந்த படியைப் பார்த்தான். மறுபடியும் மகளைப் பார்த்தான்.

குரு எழுந்து, மண்வெட்டியைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தார்.

"பாயசத்துக்கு வெல்லம் இருக்கிறதா?" என்றார்.