வரிசையில் வைத்த கற்கள்

அன்று கல்வெட்டுத் திறப்புக்காகப் பாறையடியில் இருந்தவர்கள்: நகராட்சித் தலைவர், சர்வேயர் திருஞானம், துப்புரவுப் பணியாளர் ரோசாலி, போட்டோ எடுப்பவர் ஒருவர், இருளர் குடியின் பூசாரி நஞ்சி, நஞ்சியோடு வந்த உறவினர் பதினொரு பேர். மொத்தம் பதினாறு. ஜீப் டிரைவர் இறங்கவில்லை. அவரைச் சேர்க்கவில்லை.

திருஞானத்துக்கு வயது ஐம்பத்தேழு. நஞ்சிக்கு முப்பத்தாறு. ஆனாலும் ஒன்பது வருடமாகப் பாடம் கேட்பவர் திருஞானம்தான். காட்டில் எந்த இடத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதில் தொடங்கிய பாடம் அது.

அவர் கேட்டார்.

"நஞ்சியம்மா, ஒன்பது வருஷம் அலைஞ்சு வாங்கின நகராட்சித் தீர்மானம். ஊர் வர்றதுக்கு முன்னாடியே இது உங்க இடம்னு கல்வெட்டுல எழுதியாச்சு. கல்வெட்டுத் திரையை விலக்க ஏன் மாட்டேங்குறீங்க?"

நஞ்சி மடியிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தார். அவருடைய அண்ணன் மசணன் இறந்து அன்று பன்னிரண்டாம் நாள்.

அந்தக் குடும்பங்களின் வழக்கம் இது. ஒருவர் இறந்தால் ஓடையிலிருந்து ஒரு கல் எடுத்து வருவார்கள். அவருடைய தாயின் கல்லை ஒட்டி அதை வைப்பார்கள். பெயர் எழுதுவதில்லை. வைத்த இடம்தான் அடையாளம்.

"அண்ணனைக் கொண்டாந்திருக்கேன். எங்கம்மா எங்க சார்?"

திருஞானம் பாறைக்கு அடியில் பார்த்தார். புதிய சிமெண்ட் மேடை. அதன் மேல், பெரியது முதல் சிறியது வரை, வரிசைக்கு இருபது கல்.

"எல்லாம் இருக்கும்மா. இருநூற்றுப் பன்னிரண்டு. ஒண்ணுகூடக் குறையலை. நானே எண்ணினேன்."

"நான் எண்ணிக்கை கேக்கலை."

ரோசாலி முன்னால் வந்தார்.

"அக்கா, மண்ணும் பாசியுமா குமிச்சுக் கெடந்துச்சு. பல் தேய்க்கிற பிரஷ் வாங்கி ஒவ்வொண்ணா நான்தான் தேச்சேன். சாமிக் கல்லுன்னு வெறும் வயித்தோட தேச்சேன்."

"உம்மேல கோவமில்ல புள்ள."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏதாவது ஒரு கல்லுகிட்ட வெச்சிருங்கம்மா. அம்மா கோவிச்சுக்கவா போறாங்க?"

"உங்க வீட்டுல அம்மா படத்தை இறக்கிட்டு, யாரோ ஒரு பொம்பளை படத்துக்கு மாலை போடுவீங்களா தலைவரே?"

போட்டோ எடுப்பவர் சிரித்துவிட்டார். பிறகு கேமராவை மூடினார்.

திருஞானம் மெதுவாகச் சொன்னார். "நீங்க வரும்போது பளிச்சுனு இருக்கணும்னு நெனச்சேன். நான்தான் வரிசை போடச் சொன்னேன்."

"ஒன்பது வருஷமா எங்கிட்ட எவ்வளவோ கேட்டீங்க சார்."

"இதைக் கேக்கலை."

"கேக்கலை."

"சரிபண்ண வழி இருக்கா?"

நஞ்சி உறவினர்களைப் பார்த்தார். "அவங்கவங்க கையால வெச்ச கல்லு கைக்குத் தெரியும். கண்ணை மூடிட்டுத் தேடுங்க."

பதினொரு பேரும் மேடையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

வெள்ளையன் என்ற பெரியவர் ஒரு கல்லை இரு கைகளிலும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இவதான். இருக்கும்போதும் ஒரு பக்கமாத்தான் சாஞ்சு உக்காருவா."

எல்லோரும் சிரித்தார்கள். கல்லை அவர் திருப்பி வைக்கவில்லை. வெகுநேரம் மடியிலேயே வைத்திருந்தார்.

தலைவர் பன்னிரண்டு மணிக்குப் போய்விட்டார். மூன்று மணிவரை தேடினார்கள். கிடைத்தவை இருபத்தொன்பது. அவற்றை மேடையிலிருந்து எடுத்து மண்ணில், அவரவர் வீட்டாரோடு ஒட்டி வைத்தார்கள்.

அதன் பிறகு யார் கையும் நீளவில்லை. மேடையில் நூற்று எண்பத்து மூன்று மிச்சம்.

"மத்த கல்லை வெச்சவங்களையும் வரச் சொல்லுங்களேன்" என்றார் திருஞானம். "ஜீப் அனுப்பறேன்."

"அவங்களும் இந்த வரிசையிலதான் இருக்காங்க சார்."

திருஞானம் மேடையைப் பார்த்தார்.

"உங்கம்மா கல்லை வெச்சது யாரு?"

நஞ்சி கையிலிருந்த கல்லைப் பார்த்தார்.

"அண்ணன்."

பிறகு அதைத் திருஞானத்தின் கையில் கொடுத்தார்.

"வரிசை உங்களுது. நீங்களே வைங்க."

அவர் கடைசி வரிசையின் முடிவில் வைத்தார்.

"இப்ப எண்ணுங்க சார்."

அவர் இரண்டு முறை எண்ணினார்.

நூற்று எண்பத்து நான்கு.