தண்ணி லாரியை முந்தப் போன ஸ்போர்ட்ஸ் கார்

ஈரத்தில் கார் ஓட்டிப் பழகுவதற்கான டிராக்கில் தன் ஸ்போர்ட்ஸ் காரை மூன்று தடவை சுழலவிட்ட தீனதயாளன், டிராக்கை நனைக்கும் லாரி டிரைவர் செல்லக்கிளிமேல் பாய்ந்தார்.

"இவ ஊத்துற தண்ணிதான் வழுக்குது! மேனேஜர், இவளை வேலையை விட்டுத் தூக்குங்க!"

"ஒரு ரவுண்டு போட்டி வெச்சுக்கலாம் சார். ஈரத்துல என் லாரியை முந்திட்டீங்கன்னா நானே போயிடறேன். காய்ஞ்ச இடத்துல சக்கரம் வெச்சா நீங்க அவுட்."

"இந்தத் தகர டப்பாவையா? வா!"

யோசிக்காமல் தலையாட்டினார், பெரிய மனுஷன்!

"சாப்பிட்டுட்டு வந்துடறேன் சார்."

அவள் சாப்பிட்டு வருவதற்குள் வெயிலில் டிராக் காய்ந்துவிட்டது. செல்லக்கிளி குழாயைத் திறந்துவிட்டு நடை வேகத்தில் லாரியை ஓட்டினாள். ஈரமெல்லாம் லாரிக்குப் பின்னால்தான். எங்கே முந்துவது? கார் உறுமிக்கொண்டே கடைசிவரை ஊர்ந்து வந்தது.

"அதே தண்ணிதான் சார். இப்ப வழுக்கலையே?"

மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "போய்த் தண்ணி ரொப்பிட்டு வாம்மா. அடுத்த கார் காத்திருக்கு."