லைன் வீட்டுக்குத் தகரம்

ஊரில் மூச்சுக் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த நேரம். ஒருத்தர் லேசாகத் தும்மினாலே தெரு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பேராசிரியை ஹம்சவேணியின் அறைக்குள் நுழைந்த அருமைநாயகத்துக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அருமைநாயகம் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். கல்லூரியில் கணக்கு நடத்திய மனுஷர், நோய் எப்படிப் பரவும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் வித்தையைக் கற்க அவரிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார்.

"மேடம், சாயங்காலத்துக்குள்ள கலெக்டர் ஆபீசுக்கு அறிக்கை போகணும். பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"எல்லாரும் வீட்டிலேயே இருந்தா காய்ச்சல் இறங்கணும். என் கணக்கு அப்படித்தான் சொல்லுது. பங்களாத் தெருவில இறங்கிடுச்சு. மில் தொழிலாளிங்க இருக்கிற லைன் வீடுகள்ல மட்டும் ஏறிக்கிட்டே போகுது. தினமும் சாவு."

"ஏன்?"

"அந்த ஜனங்க அடங்கி இருக்க மாட்டேங்குது. நைசா வெளியே போய்ச் சுத்துது. வேற எப்படி ஏறும்? லைனோட ரெண்டு பக்கமும் தகரம் அடிச்சு மூடிடணும்னு எழுதியிருக்கேன். இல்லேன்னா ஊரே போயிடும் மேடம்!"

லைன் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் யார்தான் போவார்கள், சொல்லுங்கள்!

"உங்க கணக்குல வீட்டுக்கு எத்தனை பேர்?"

"நாலு. ஊரோட சராசரி."

"லைன்ல?"

"அங்கேயும் நாலுதான் போட்டேன்."

ஹம்சவேணி எழுந்து வராந்தாவுக்குப் போனார். கண்ணில் பட்ட ஆராய்ச்சி மாணவர்களை எல்லாம் உள்ளே கூப்பிட்டார். மேசையும் பீரோவும் போக நாலு நாற்காலி கொள்ளாத அறை அது. ஏழு பேர் வந்து தோளோடு தோள் இடித்து நின்றார்கள். ஜன்னலைச் சாத்தினார். ஃபேனை நிறுத்தினார். கதவைத் தாழ் போட்டு அதிலேயே சாய்ந்துகொண்டார்.

அருமைநாயகத்துக்குச் சின்ன வயசிலிருந்தே மூச்சிளைப்பு உண்டு. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

பின்னால் யாரோ இருமினார்கள். அடக்கப் பார்த்து முடியாமல் மறுபடியும் இருமினார்கள்.

அவ்வளவுதான், அருமைநாயகம் முகக்கவசத்தை மூக்கோடு அழுத்திக்கொண்டு, ஆட்களை விலக்கிக் கதவுக்கு வந்தார்.

"எங்கே சார் கிளம்பிட்டீங்க?" என்றார் ஹம்சவேணி.

"கொஞ்ச நேரம் வெளியே நின்னுட்டு வரேன்."

"இதுதான் லைன் வீடு, சார். வெளியே சுத்தக் கூடாது. வீட்டிலேயே இருங்க."

"மேடம், யாரோ இருமறாங்க!"

"ஆமா. இன்னிக்கு ராத்திரி அவங்க பக்கத்திலதான் நீங்க படுக்கணும். வேற இடம் இல்லை."

"விளையாடாதீங்க. எனக்கு மூச்சு முட்டுது. கும்பிட்டுக் கேக்கறேன், கதவைத் திறங்க!"

அவர் நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டார். குரல் அழுகையாக உடைந்தது.

ஹம்சவேணி தாழை நீக்கினார். எல்லோரும் வெளியே போனார்கள். அருமைநாயகம் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மூச்சு வாங்கினார். அறிக்கை மேசைமேல் கிடந்தது.

"இப்ப நான் என்ன எழுதறது, மேடம்?"

"உள்ளே நின்னப்ப என்கிட்ட என்ன கேட்டீங்க?"

"கதவைத் திறக்கச் சொன்னேன்."

"லைனுக்கும் அதையே எழுதுங்க, சார்."